சுமை தாங்கும் ஒற்றைச் சக்கரம்



இன்று நம் ஊர்களில் மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டைக் காண்பது அரிது. இருவர் அமர்ந்து செல்வதற்கென்று செய்யப்பட்ட அந்த வாகனத்தின் மீது நாம் ஏற்றாத பொருள் ஏதேனும் உண்டா? அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், கல்யாண வீட்டுத் தேக்சா, சந்தையில் வாங்கிய ஆட்டுக்குட்டி என்று அனைத்தும் அதன் மீதே ஏறுகின்றன. முன்னால் பெட்ரோல் டாங்கியின் மேல் ஒரு குழந்தை, பின்னால் மனைவி, அவர் மடியில் இன்னொரு குழந்தை, போதாக்குறைக்குக் கைப்பிடியில் இரண்டு பைகள்! இவ்வாறு செல்லும் குடும்பத்தை நாள்தோறும் பார்க்கிறோம். பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டதால் அதில் உள்ள அபாயம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

இருக்கையின் மேல் சுமை ஏற ஏற, வாகனத்தின் கனம் முழுவதும் மேல்நோக்கி நகர்ந்து விடுகிறது. வேகமாகச் செல்லும்போது அது அவ்வளவாகத் தெரியாது. மெதுவாகச் செல்லும்போதும், மணலில் செல்லும்போதும், நின்று கிளம்பும்போதும்தான் அது நம்மைச் சாய்த்து விடுகிறது. அப்படியானால், சுமையை வாகனத்தின் முதுகில் ஏற்றாமல், தாழ்வான வேறொரு வண்டியில் வைத்துப் பின்னால் இழுத்துச் சென்றால் என்ன? இந்த எண்ணத்திலிருந்து பிறந்ததுதான் எங்கள் தோப்பில் ஓடும் ஒற்றைச் சக்கர இழுவண்டி. பிள்ளைகள் அதற்கு இட்ட பெயர் 'வால்வண்டி'. அதை எப்படிச் செய்தோம், ஏன் செய்தோம், எங்கே அதை நிறுத்திக் கொண்டோம் என்பதைத் தங்களோடு பகிர்ந்து கொள்ளவே இக்கட்டுரை.

தேவை பிறந்த விதம்

2018 நவம்பர் 16-ஆம் நாள் அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட தென்னைகள் ஒரே இரவில் வேரோடு சாய்ந்தன. பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலுக்கு அருகில் உள்ள எங்கள் ஊரும் அதற்குத் தப்பவில்லை.

வாப்பா விட்டுச் சென்ற நிலத்தில் என் ராத்தாவின் பங்காக வந்தது அரை ஏக்கர் தோப்பு. கணவரை இழந்து, ஒரே மகனோடு வாழும் ராத்தாவுக்கு அந்தத் தோப்பின் தேங்காய்தான் மாதாந்திர வருமானம். நாற்பது மரங்களில் நான்குதான் மிஞ்சின. விழுந்தவற்றை அறுத்து அப்புறப்படுத்தவே பல மாதங்கள் ஆயின. 2019 அக்டோபரில், மழைக்காலத் தொடக்கத்தில், முப்பத்தாறு கன்றுகளை நட்டோம். இருபத்தைந்து அடிக்கு ஒன்றாக, வரிசையாக.

மார்கழி வரை வானம் பார்த்துக் கொண்டது. தை பிறந்ததும் பிரச்சினை பிறந்தது. தோப்பில் இருந்த ஆழ்குழாய்க் கிணற்றில் உப்பு ஏறியிருந்தது. வளர்ந்த தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், இளங்கன்று தாங்காது. நல்ல தண்ணீர் இருந்தது கால் கிலோமீட்டர் தள்ளி, அடுத்த தோப்புக்காரரின் கிணற்றில். "வேண்டிய மட்டும் இறைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் பெருந்தன்மையோடு சொல்லி விட்டார். ஆனால் இடையில் இருப்பவை மற்றவர்களின் வயல்கள். அவற்றின் ஊடே குழாய் பதிக்க இயலாது. நடந்து போக ஒரு வரப்பு மட்டும் உண்டு. அகலம் இரண்டடிக்குச் சற்று மேல்.

கணக்கைப் பாருங்கள். கன்று ஒன்றுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி, அதாவது பத்து லிட்டர். பாதிக் கன்றுகளுக்கு இன்று, மீதிக்கு நாளை என்று பிரித்துக் கொண்டாலும் நாளொன்றுக்கு 180 லிட்டர் வேண்டும். இரு கைகளிலும் இரு வாளிகள் தூக்கினால் ஒன்பது நடை. ஒரு நடைக்குப் போக வர அரைக் கிலோமீட்டர். ஆக, நாள்தோறும் நாலரைக் கிலோமீட்டர். அதில் பாதித் தூரம் இருபது கிலோ சுமையுடன். ஐம்பது வயதைக் கடந்த ராத்தா சுபுஹுத் தொழுகை முடிந்ததும் வாளிகளோடு புறப்பட்டு விடுவார். இரண்டே வாரத்தில் முழங்கால் வீங்கி விட்டது. "கன்று காய்ந்தால் இன்னும் ஐந்தாறு வருஷம் வீண்தானே, தம்பி!" என்று அவர் சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை.

மோட்டார் சைக்கிளின் இருபுறமும் தண்ணீர் கேன்களைத் தொங்கவிடலாமே என்று தாங்கள் கேட்கலாம். நாங்களும் அதை ஆராய்ந்தோம். இருபது கிலோ எடையுள்ள கேனை இடுப்பளவு உயரத்துக்குத் தூக்கி மாட்ட வேண்டும். அதன் பிறகு மணல் பரந்த ஒடுங்கிய வரப்பில், நடக்கும் வேகத்தில், மேற்கனத்தோடு ஓட்ட வேண்டும். தூக்குவது ராத்தாவால் ஆகாது. ஓட்டுவது எவருக்கும் நல்லதன்று.

ஏன் ஒற்றைச் சக்கரம்?

இழுவண்டி என்றதும் இரண்டு சக்கரங்கள் உடையதுதான் நம் நினைவுக்கு வரும். கம்போடியா நாட்டில் மோட்டார் சைக்கிளின் பின்னே பூட்டிய இரு சக்கர வண்டியும் பயணிகளை ஏற்றிச் செல்கிறது. 'ரெமோர்க்' என்று அதனை அழைக்கிறார்கள். இழுவண்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. இரு சக்கர இழுவண்டி தானாக நிற்கும். மிகுந்த சுமையையும் தாங்கும். அகலமான பாதைக்கு அதுவே சிறந்தது. ஆனால் அது மூன்று தடங்களில் ஓடுகிறது: நடுவில் மோட்டார் சைக்கிளின் தடம், இருபுறமும் வண்டியின் தடங்கள். இரண்டடி வரப்பில் அந்த இரு சக்கரங்களும் விளிம்பை இடித்துக்கொண்டு வயலில் இறங்கி விடும்.

ஒற்றைச் சக்கர வண்டியோ மோட்டார் சைக்கிள் போன தடத்திலேயே பின்தொடர்கிறது. முன்னது சாய்ந்தால் தானும் சாய்கிறது. அது நிமிர்ந்தால் தானும் நிமிர்கிறது. இது புதிய கற்பனையும் அன்று. எங்கள் வாப்பா ஓட்டிய எஸ்டி மோட்டார் சைக்கிள் மைசூரில் செய்யப்பட்டது. அந்தத் தொழிற்சாலை 1961 முதல் முதலில் ஜாவா என்ற பெயரிலும், பின்னர் 1973 முதல் எஸ்டி என்ற பெயரிலும் வண்டிகளைத் தயாரித்து, 1996-இல் மூடப்பட்டது. ஜாவாவின் பிறந்தகம் செக்கோஸ்லோவாக்கியா. அங்கே 1960-களில், இன்றைய ஸ்லோவாக்கியாவில் உள்ள பொவாஸ்கா பிஸ்திரிட்சா என்ற ஊரில், 'பாவ் 40' என்ற ஒற்றைச் சக்கர இழுவண்டியைத் தொழிற்சாலையிலேயே செய்து விற்றார்கள். மூடியுடன் கூடிய, நீர்த்துளி வடிவத் தகரப் பெட்டி அது. குடும்பங்கள் அதில் தங்கள் மூட்டை முடிச்சுகளை ஏற்றி, ஜாவாவின் பின்னே பூட்டி விடுமுறைக்குப் புறப்பட்டன. அதன் படத்தைப் பார்த்தபோது, வாப்பாவின் பழைய வண்டிக்குத் தூரத்து உறவினர் ஒருவரைக் கண்டுபிடித்தது போன்ற மகிழ்ச்சி எனக்கு ஏற்பட்டது.

மூன்று அசைவுகள்

இந்த வண்டியின் உயிர் சக்கரத்தில் இல்லை. மோட்டார் சைக்கிளோடு அது சேரும் மூட்டில் இருக்கிறது. அதை விளங்கிக் கொள்ளத் தங்கள் கழுத்தையே எண்ணிப் பாருங்கள்.

தலையை மேலும் கீழும் அசைத்து 'ஆம்' என்கிறோம். இடமும் வலமும் திருப்பி 'இல்லை' என்கிறோம். மூன்றாவதாக ஓர் அசைவு உண்டு. காதைத் தோளின் பக்கம் சாய்த்துச் சாய்த்து ஆட்டுவோமே, 'ஆகட்டும், பார்க்கலாம்' என்பதற்கு! இழுவண்டியின் மூட்டு முதல் இரண்டையும் அனுமதிக்க வேண்டும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்க 'ஆம்' அசைவு தேவை. வளைவில் திரும்ப 'இல்லை' அசைவு தேவை. மூன்றாவது அசைவை மட்டும் அது சிறிதும் அனுமதிக்கக் கூடாது. அனுமதித்தால் ஒற்றைச் சக்கரத்தில் நிற்கும் வண்டி அப்படியே பக்கவாட்டில் கவிழ்ந்து விடும். கார்களின் பின்னால் இழுவண்டி பூட்டப் பயன்படும் பந்து வடிவ மூட்டு இதற்கு உதவாதது இதனால்தான். பந்து மூன்று பக்கமும் ஆடும்.

இரண்டை அனுமதித்து ஒன்றை மறுக்கும் மூட்டு நம் ஊர்ப் பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கிறது. ஜீப், வேன் முதலியவற்றின் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் இருக்கும் யுனிவர்சல் ஜாயின்ட்தான் அது. மெக்கானிக்குகள் 'கிராஸ்' என்பார்கள். கூட்டல் குறி போன்ற எஃகுத் துண்டு. அதன் நான்கு முனைகளிலும் ஊசி பேரிங் வைத்த கிண்ணங்கள். சக்கரத்தைச் சுழற்றும் விசையையே முறுக்கித் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது அது. நம் தண்ணீர் வண்டி சாயாமல் பிடித்துக் கொள்வது அதற்குப் பெரிய வேலையன்று.

எங்கள் ஊர் வெல்டிங் பட்டறைக்காரர் இவ்வேலையில் முப்பதாண்டு அனுபவம் உள்ளவர். கிராஸைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்து விட்டு, "பாய், இதை அப்படியே போட்டால் வண்டி திரும்பாது" என்றார். "ஏன் அண்ணே?" என்றேன். ஷாஃப்ட்டின் இரு கவ்விகளையும் பொருத்தி மடக்கிக் காட்டினார். சிறிது தூரம் மடங்கியதும் இரும்போடு இரும்பு முட்டி நின்றது. ஜீப்பின் ஷாஃப்ட் சற்றே வளைந்தால் போதும். தோப்பில் திரும்பும் மோட்டார் சைக்கிளுக்கு அது போதாது. எனவே கிராஸையும் பேரிங்குகளையும் மட்டும் எடுத்துக் கொண்டு, கவ்விகள் இரண்டையும் 10 மில்லிமீட்டர் தகட்டில் ஆழமாக வெட்டிப் புதிதாகச் செய்தார். இப்போது மூட்டு ஏறக்குறைய அறுபது பாகை வரை தடையின்றித் திரும்புகிறது.

உடலும் சக்கரமும்

சக்கரத்துக்குப் பழைய மொபெட்டின் முன்சக்கரத்தை வாங்கினோம். பதினாறு அங்குல அளவு. அச்சும் பேரிங்கும் அதிலேயே உண்டு. சிறிய சக்கரம் குழியில் விழுந்தால் எழ மாட்டாது. பெரிய சக்கரம் தாண்டி விடும்.

சட்டம் முழுவதும் ஓர் அங்குலச் சதுர இரும்புக் குழாய். இழுகோலுக்கு மட்டும் ஒன்றரை அங்குலக் குழாய். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய் வீட்டில் கிடந்தது. ஆனால் அதை வெல்டிங் வைத்தால் எழும் வெண்புகை சுவாசத்துக்குக் கெடுதி. பூச்சு இல்லாத இரும்பையே தேர்ந்தெடுத்தோம். கடற்காற்றுக்கு ரெட் ஆக்சைடு இரு கை, அதன் மேல் பச்சை வண்ணம் ஒரு கை.

வண்டியின் அகலம் 60 சென்டிமீட்டர். தளம் தரையிலிருந்து ஓர் அடி உயரம்தான். சக்கரம் தளத்தின் நடுவே வெட்டிய இடைவெளியில் சுழல்கிறது. மூட்டிலிருந்து சக்கர அச்சு வரை 120 சென்டிமீட்டர். மோட்டார் சைக்கிளின் பக்கம், பின்புறக் காலடிக் கட்டையிலிருந்து இரண்டும் கேரியரிலிருந்து இரண்டுமாக நான்கு பட்டை இரும்புகள் வந்து ஒரு சதுரக் குழாயில் சேர்கின்றன. அந்தக் குழாய்க்குள் மூட்டின் சதுரத் தண்டு நுழைந்து, ஒரு போல்ட்டும் காட்டர் பின்னும் அதைப் பூட்டுகின்றன. உருண்டைக் குழாயாக இருந்தால் தண்டு உள்ளே சுழன்று விடும். மூட்டு மறுத்த மூன்றாவது அசைவு புறவாசல் வழியாக உள்ளே நுழைந்து விடும். மூட்டின் அடியில் ஒரு சங்கிலியும் உண்டு. போல்ட் முறிந்தாலும் வண்டி தனியே ஓடி விடாது.

இந்த அமைப்பு முழுவதும் போல்ட்டில்தான் நிற்கிறது. வாகனத்தின் சட்டத்தில் ஓரிடத்திலும் வெல்டிங் வைக்கவில்லை. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

பூட்டி முடித்ததும் கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பது போல், மோட்டார் சைக்கிளின் இரு சக்கரங்களையும் தொட்டு ஒரு நூலை இழுத்துப் பிடித்தோம். இழுவண்டிச் சக்கரமும் அதே கோட்டில் நிற்க வேண்டும். அது கோணலாக நின்றால், ஓட்டுபவர் எவ்வளவு நேராக ஓட்டினாலும் வண்டி ஒரு பக்கமே இழுத்துக் கொண்டிருக்கும்.

சுமையின் இருப்பிடம்

எவ்வளவு ஏற்றலாம் என்பதை விட எங்கே ஏற்றலாம் என்பது முக்கியம். சுமையின் நடு, சக்கர அச்சுக்குப் பின்னால் போனால் இழுகோல் மேலே எழும்பும். வண்டி நாய் வாலை ஆட்டுவது போல் இருபுறமும் ஆடத் தொடங்கும். மிகவும் முன்னால் வந்தாலோ, மோட்டார் சைக்கிளின் பின்பகுதி அழுந்தி முன்சக்கரம் இலேசாகி விடும். கைப்பிடி சொன்னபடி கேட்காது. அச்சுக்குச் சற்றே முன்னால் என்பதுதான் முறை.

எங்கள் வண்டியில் இருபது லிட்டர் கேன்கள் மூன்று. இரண்டு, சக்கரத்தின் இருபுறமும் அச்சுக்கு நேராக. ஒன்று, சக்கரத்துக்கு முன்னால், அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளி. மூன்றின் கனமும் சேர்ந்து நிற்கும் புள்ளி அச்சுக்கு 15 சென்டிமீட்டர் முன்னே வருகிறது. 120-இல் 15 என்றால் எட்டில் ஒரு பங்கு. ஆகவே அறுபது கிலோ தண்ணீரில் ஏழரைக் கிலோ மட்டுமே மோட்டார் சைக்கிள் மேல் இறங்குகிறது. மீதி ஐம்பத்திரண்டரைக் கிலோவை அந்த ஒற்றைச் சக்கரம் தாங்கிக் கொள்கிறது.

மொத்த எடைக்கும் ஓர் எல்லை வகுத்துக் கொண்டோம். பிரிட்டனில் மோட்டார் சைக்கிள் இழுவண்டிக்குத் தெளிவான சட்டம் உண்டு. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிதான் இழுக்கலாம். இழுவண்டியின் அகலம் ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும். சுமையுடன் அதன் எடை 150 கிலோ, அல்லது இழுக்கும் வண்டியின் எடையில் மூன்றில் இரு பங்கு, இவற்றில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. அந்த அளவுகோலையே நாங்களும் எடுத்துக் கொண்டோம். எஸ்டியின் எடை ஏறத்தாழ 140 கிலோ. மூன்றில் இரு பங்கு 93. எங்கள் வண்டி 24 கிலோ, கேன்கள் 3, தண்ணீர் 60, ஆக 87. நான்காவது கேனுக்கு இடம் இருந்தும் வைக்கவில்லை. இழுவண்டிக்குத் தனி பிரேக் கிடையாது. பின்னால் வரும் ஒவ்வொரு கிலோவையும் மோட்டார் சைக்கிளின் பிரேக்கே நிறுத்தியாக வேண்டும்.

ஒரு சிக்கல் எஞ்சியிருந்தது. கன்றுகளுக்கு ஊற்ற ஊற்ற ஒரு பக்கக் கேன் மட்டும் காலியானால் வண்டி மறுபக்கம் சாய்க்கப் பார்க்கும். முன் கேன் காலியானால் இழுகோலின் கனம் போய் விடும். இதற்கு வழி சொன்னது எட்டாம் வகுப்பு படித்துக் கொண்டிருந்த என் மகள். "மூணு கேனையும் அடியில் குழாய் போட்டுச் சேர்த்து விடுங்க வாப்பா, தண்ணீர் தானே ஒரே மட்டத்துக்கு வந்துடும்" என்றாள். பாடப் புத்தகத்தில் படித்தது தோப்புக்கு வந்து சேர்ந்தது. அப்படியே இணைத்து, இணைப்பில் இரு திருகுகளும் வைத்தோம். ஓடும்போது அவற்றை மூடி விட வேண்டும். இல்லாவிட்டால் வண்டி சாயும் பக்கமே தண்ணீரும் ஓடிச் சேரும். நின்ற பிறகு திருகுகளைத் திறந்து, கேன்களின் மூடியையும் தளர்த்தி, இரப்பர் குழாயால் கன்றுக்குப் பாய்ச்ச வேண்டும். கேனை ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்.

ஓட்டம்

முதலில் வெறும் வண்டியுடன், பிறகு ஒரு கேனுடன், பிறகு முழுச் சுமையுடன் என்று மூன்று நாட்கள் தோப்புக்குள்ளேயே ஓட்டிப் பழகினோம். ஓட்டியவன் ராத்தாவின் மகன். அப்போது அவன் கல்லூரி முதலாண்டு மாணவன்; ஓட்டுநர் உரிமமும் எடுத்திருந்தான். சில பாடங்களைக் கற்றுக் கொண்டோம். வளைவில் இழுவண்டி உட்புறமாகக் குறுக்கே வெட்டி வரும்; ஆகையால் வரப்பின் முனையில் அகலமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். பின்னோக்கித் தள்ளினால் மடங்கி விடும். ஆகையால் திரும்ப இடம் இல்லாத பாதையில் நுழையவே கூடாது. பக்க ஸ்டாண்டில் நிறுத்தினால் இழுவண்டியும் சேர்ந்து சாயும். நடு ஸ்டாண்டு போட வேண்டும். வேகம் எப்போதும் முதல் கியர்தான்.

2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. கூலி ஆட்கள் வரத் தயங்கினார்கள். பட்டறைகள் மூடின. கோடையோ ஏறிக் கொண்டிருந்தது. அந்த மாதங்களில் இந்த வால்வண்டிதான் எங்கள் கன்றுகளைக் காத்தது. ஒன்பது நடை மூன்றாகக் குறைந்தது. கிணற்றடியில் ராத்தா கேன்களை நிரப்புவார். மகன் ஓட்டி வருவான். தோப்பில் என் மகளும் நானும் குழாய் பிடிப்போம். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்து விடும். முழங்கால் வீக்கம் வடிந்து, ராத்தா மறுபடியும் தரையில் அமர்ந்து கீற்று முடையத் தொடங்கியபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்ல இயலாது.

எங்கே நிறுத்துவது?

வண்டி நன்றாக ஓடத் தொடங்கியதும் அதற்குப் புதிய புதிய வேலைகள் தேடி வந்தன. ஊரடங்கு தளர்ந்த பின், "மாமா, மிஞ்சிய நாலு மரத்துக் காயை இதிலேயே ஏற்றிப் பட்டுக்கோட்டை மெயின் ரோட்டில் கொண்டு போய்ப் போட்டு வந்தால் வண்டி வாடகை மிச்சமாகுமே" என்றான் மருமகன். அவன் கேட்டது தன் உம்மாவின் சிரமம் குறைவதற்காகத்தான். வாடகை கொடுக்கப் பணம் தட்டுப்பாடான காலம் அது. அக்கம்பக்கத்துச் சிறுவர்களோ காலி வண்டியில் ஏறிக் கொண்டு, "ஒரே ஒரு சுற்று!" என்று கெஞ்சினார்கள்.

இரண்டுக்கும் 'இல்லை' என்றே சொன்னேன். காரணத்தையும் சொன்னேன்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 'மோட்டார் வாகனம்' என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே இழுவண்டியும் அடங்கும். பதிவு செய்யப்படாத வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. பட்டறையில் நாமாகச் செய்த வண்டி, அங்கீகாரமும் பதிவும் பெறாமல் நெடுஞ்சாலையில் ஏறினால் அது குற்றம். ஒரு விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க அதுவே காரணமாகலாம். நாம் மோதியவரின் குடும்பமும் தவிக்கும், நம் குடும்பமும் தவிக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ளபடி இல்லாதவாறு வாகனத்தை மாற்றியமைப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. பட்டை இரும்புகளை வெல்டிங் வைக்காமல் போல்ட்டில் நிறுத்தியது இதற்காகத்தான். மோட்டார் சைக்கிள் தோப்பை விட்டு வெளியேறும் முன் அவை அனைத்தும் கழன்று விடும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நடக்கும் வேகத்துக்கென்று செய்த வண்டி அது. ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் லாரி துரத்தி வரும் சாலையில், பிரேக் இல்லாத 87 கிலோ சுமை நம் முதுகைத் தள்ளிக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? சிறுவர்கள் விஷயத்திலோ இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் கேன் இருந்த இடத்தில் இருக்கும். குழந்தை எட்டிப் பார்க்கும், எழுந்து நிற்கும், காலைச் சக்கரத்தின் ஆரத்துக்குள் விடும். தளத்தின் மீது சிவப்பு எழுத்தில் 'ஆள் ஏறக் கூடாது' என்று எழுதி வைத்தோம். காலியாக இருக்கும் நேரத்தில் போல்ட்டைக் கழற்றி என் சட்டைப் பையில் போட்டுக் கொள்வேன்.

மருமகன் இரண்டு நாட்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. காய்களை வாடகை வண்டியிலேயே அனுப்பினோம்; அந்தச் செலவில் பாதியை நான் ஏற்றுக் கொண்டேன். சில மாதங்களுக்குப் பின் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் இதே போன்ற வண்டி வேண்டும் என்று வந்தார். முதற் கேள்வியாக, "ரோட்டில் ஓட்டவா, தோப்புக்குள் ஓட்டவா?" என்று கேட்டவன் அவன்தான். "ரோட்டுக்கு என்றால் பதிவு பெற்ற சரக்கு ஆட்டோ பாருங்கள்" என்று அவனே விளக்கிச் சொல்வதை நான் திண்ணையிலிருந்து கேட்டுக் கொண்டிருந்தேன்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை

முப்பத்தாறு கன்றுகளில் முப்பத்து நான்கு பிழைத்தன. இரண்டைக் காண்டாமிருக வண்டு குருத்தில் துளைத்துக் கொன்று விட்டது. 2024-இல் முதற் பாளைகள் வெடித்தன. வண்டிக்கு ஆன செலவு எல்லாம் சேர்த்து ஆறாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. மாதம் ஒரு முறை கிராஸுக்குக் கிரீஸ், ஆண்டுக்கு ஒரு முறை வண்ணம். வேறு பராமரிப்பு இல்லை.

இப்படியொரு வண்டியைத் தாங்களும் செய்ய விரும்பினால், முதலில் அது ஓடப் போகும் நிலம் யாருடையது என்று பாருங்கள். தங்களுடைய தோப்பாகவோ, உரிமையாளர் இசைவு தந்த வரப்பாகவோ இருக்கட்டும். பிறகு சுமையை எடை போடுங்கள். அதன் பின்னரே இரும்பை வாங்குங்கள். மூட்டை மட்டும் கைதேர்ந்த வெல்டிங்காரரிடமே ஒப்படையுங்கள்.

வண்டி செய்யும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் அந்த மூட்டு ஒன்று சொல்கிறது என்று நினைக்கிறேன். வீட்டு மோட்டார் சைக்கிளில் இன்னொரு மூட்டையை ஏற்றலாமா, நான்காவதாக ஒரு பிள்ளையை அமர்த்தலாமா, உரிமம் இல்லாத மகன் கடைத்தெரு வரை ஓட்டிப் போகலாமா என்று நம் வீடுகளில் கேள்விகள் எழாத நாள் இல்லை. அவசரத்திலும் பாசத்திலும் நாம் பெரும்பாலும் தலையைப் பக்கவாட்டில் ஆட்டி வைத்து விடுகிறோம். வண்டியைக் கவிழ்ப்பது அந்த மூன்றாவது அசைவுதான். சுமையைத் தாங்க முடியுமானால் 'ஆம்' என்று சொல்லுங்கள். முடியாதென்றால் முகம் கோணினாலும் பரவாயில்லை, 'இல்லை' என்று சொல்லி விடுங்கள். இரண்டு நாள் கோபம் தணிந்து விடும். பிள்ளைகள் பத்திரமாக வீடு திரும்புவார்கள்.